சொடக்குக்காரரின் கழுத்து

எங்கள் தெரு சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அண்ணன், மற்றதில் தம்பி. அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. சவரம் முடிந்ததும் ஒரு கையைத் தாடையிலும் மறு கையைப் பின்மண்டையிலும் வைத்து, "கழுத்தைத் தளர விடுங்க" என்பார். இடப்பக்கம் ஒரு சொடக்கு, வலப்பக்கம் ஒரு சொடக்கு. அதனால் அவருக்குச் சொடக்குக்காரர் என்று பெயர். முடி வெட்டுவதில் ஆள் சுமார்தான். கூட்டம் சொடக்குக்காக வருவது.

தன் கழுத்தில் மட்டும் அவர் யாரையும் கைவைக்க விட்டதில்லை. தம்பியின் சொடக்கில் சத்தம் வருமே தவிர சுகம் வராது என்பது அவர் கட்சி. தம்பிக்கு அதில் தீராத வருத்தம்.

அன்று எனக்குப் பாதி சவரம் ஆகியிருந்தபோது அண்ணன் உள்ளே வந்தார், தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறை மாட்டும்போது சரிந்து, நெற்றி அலமாரியில் இடித்துவிட்டதாம்.

"ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. வெறும் சுளுக்கு" என்று தீர்ப்பும் அவரே சொன்னார். மாடியிலிருந்தா விழுந்தார், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நானும் நினைத்தேன். மெல்லத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டேய், இன்னிக்கு உனக்கு யோகம். ஒரு சொடக்கு எடுத்து விடு."

என்னை நுரையோடு அம்போவென்று விட்டுவிட்டுத் தம்பி ஓடினார். அறுபது வயது மனிதர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"கையை எடுங்கண்ணே."

"எடுத்தா தலை நிக்க மாட்டேங்குது. நீ புடிச்சுக்கோ, எடுக்கறேன்."

தம்பி பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

"தளர விடுங்க."

"முடியலடா. நீ திருகு."

"மாட்டேன்."

அண்ணன் பேச்சைத் தம்பி தட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

"தொழில் சொல்லிக்கொடுத்தவன்கிட்டயே மாட்டேங்கிறியா?"

"தளராத கழுத்தைத் தொடாதேன்னு சொல்லிக்கொடுத்ததும் நீங்கதானே? வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

என் காரில்தான் போனோம். வழியெல்லாம் தம்பிக்கு அர்ச்சனை. ஒரு கன்னத்து நுரை காய்ந்துகொண்டிருந்த என்னை யாரும் சட்டை செய்யவில்லை.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "கழுத்துல ரெண்டாவது எலும்பு முறிஞ்சிருக்கு. வயசானா எலும்பு மெலிஞ்சுடும், இப்படி லேசா விழுந்தாலே போதும்" என்றவர், ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் காரில் அழைத்து வந்ததற்கு எங்களுக்கு நன்றாக டோஸ் விட்டார்.

தம்பி மெதுவாகக் கேட்டார்: "திருகியிருந்தா?"

"கை கால் விழுந்திருக்கலாம். மூச்சே நின்னிருக்கலாம்."

தம்பி தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அண்ணனுக்குக் கெட்டியான கழுத்துப் பட்டை மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். திட்டுவது எப்போதோ நின்றுவிட்டது. கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"நாளைக்கு ரிட்டையர்டு கண்டக்டர் வருவாரு. என்னைவிட மூத்தவரு. அவர் கழுத்தைத் தொடாதே."

"சரிண்ணே."

"எத்தனை கிழவங்களைத் திருகியிருப்பேன்டா நான்?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"அந்தத் தபால்காரர் திடீர்னு வர்றதை நிறுத்தினாரே. அப்புறம் அந்தக் கண்ணாடிக் கடைக்காரர். வேற கடைக்குப் போயிட்டாங்கன்னு கோவப்பட்டோம். யாராவது போய் விசாரிச்சோமாடா?"