தாய்மாமனுக்கு ஒரு சொம்பு எலுமிச்சைச் சாறு

புளியங்கொழுந்து நசுங்கும் வாசனைக்கே பல் கூசுகிறது. தங்கையோடு சண்டை போட்டுத் தின்ற கோடைகள் நாக்கில் ஊறுகின்றன. மணலூர்பேட்டை தாண்டிப் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. தண்ணீர் கேட்டு நுழைந்த பந்தலில் காதுகுத்து. குழந்தையின் அம்மா அந்தக் கொழுந்தை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, உப்பும் பச்சை மிளகாயும் போட்டு, அண்டா அதிரக் கலக்குகிறாள். அவ்வளவு கோபம்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவள் அண்ணனோ எதிரே புங்கமரத்தடியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தட்டு வைத்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார்களாம். இந்த வீட்டில் ஒரு வாய் குடித்தாலும் சண்டை தீர்ந்ததாகிவிடும் என்று தண்ணீர்கூடத் தொடவில்லை. குழந்தை வேர்த்து அழுகிறது. எனக்கே எரிச்சலாக வருகிறது.

"எங்க கையால வாங்க மாட்டாரு. நீங்க குடுத்துப் பாருங்க சார்" என்று சொம்பை என்னிடம் திணிக்கிறாள்.

கொண்டுபோய் நீட்டுகிறேன்.

"இன்னா, தூது வுடுறாளா?" என்கிறான். மோந்து பார்க்கிறான். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பை ணங்கென்று வைக்கிறான். "உப்பு கம்மின்னு சொல்லுங்க."

சொல்கிறேன். பேருந்து ஹாரன் அடிக்கிறது. அவள் உப்பு ஜாடியைப் பந்தலின் நடுவில் வைத்துவிட்டு, மரத்தடிக்கும் கேட்கிற குரலில் சொல்கிறாள்:

"கம்மின்னா உள்ள வந்து போட்டுக்கச் சொல்லுங்க."