ஃபிரிட்ஜில் வைத்த கிணற்றுத் தண்ணீர்

"நேத்து வெள்ளைக் கார்ல ஒருத்தர் வந்தார் மேடம், மதராஸி மேடம் எந்த மாடின்னு கேட்டார்" என்று வாட்ச்மேன் இந்தியில் சொன்னதிலிருந்து வாசல் தாழ்ப்பாளை நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன். வந்தவர் வேறொன்றும் செய்யவில்லையாம். கேட்டார், சிரித்தார், போய்விட்டார். மிரட்டியிருந்தாலாவது போலீசில் சொல்லலாம். எந்த மாடி என்று கேட்டதற்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து மராட்டி பேசும் சிஞ்ச்வட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் யார் வம்புக்கும் போனவளில்லை. கணவருக்கு வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. பெண் ஒன்பதாவது படிக்கிறாள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதைத் தவிர என்மேல் யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வாய்தான் கெடுத்தது. ஒரு கோடையில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு வந்த டேங்கர் தண்ணீரில் குளித்தவர்களுக்கெல்லாம் உடம்பு அரித்தது. மீட்டிங்கில் கத்தினேன். உடனே டேங்கர்காரரை மாற்றினார்கள், புதுத் தண்ணீர் வந்தது, எல்லோரும் மறந்துபோனார்கள். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பழைய டிரைவரிடம் அந்தத் தண்ணீர் எந்த ஊரில் எடுத்தது என்று விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

சின்ன ஊர். ஊரை ஒட்டிக் கைவிட்ட கல்குவாரி. பக்கத்து ரசாயனத் தொழிற்சாலையின் லாரிகள் கழிவை அதில்தான் கொட்டிக்கொண்டிருந்தன. குவாரிக்குக் கீழே ஒரு கிணறு. வெயில் காலத்தில் அந்த ஊரில் தண்ணீர் இருப்பது அது ஒன்றில்தான். கிணற்றுக்கு எதிரே அங்கன்வாடி. அதை நடத்துகிற பெண்மணி என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். என்ன தண்ணீரில் போட்டார் என்று கேட்கத் தைரியம் வராமல் குடித்துவைத்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. அவருக்கு மராட்டி, எனக்குத் தமிழ். இரண்டு பேருக்கும் தட்டுத்தடுமாறி வருகிற இந்தியில் பேசிக்கொள்வோம்.

அவர், நான், ஓய்வுபெற்ற ஒரு கல்லூரி ஆசிரியர், இன்னும் ஒன்றிரண்டு பேர் என்று ஒரு குழு சேர்ந்தது. மனுக் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கத் தகுந்ததுதான் என்று அறிக்கை கொடுத்தார்கள். அது பொய் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். இதற்கிடையில் தொழிற்சாலையைப் பெரிதாக்கப் போவதாகவும், அதற்கு முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் நடக்கும் என்றும் அறிவிப்பு வந்தது. கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் கையில் ஆதாரம் வேண்டும். கிணற்றுத் தண்ணீரை நாங்களே தனியாகப் பரிசோதிக்க முடிவு செய்தோம். வெள்ளைக் கார் வந்தது அந்த வாரத்தில்தான்.

"சொன்னாக் கேக்கறயா நீ?" என்றார் கணவர். "நாம பொழைக்க வந்த ஊரு இது. எங்க கம்பெனி மொதலாளிக்கும் அவனுகளுக்கும் பழக்கம் இருக்குதோ என்னமோ, யாருக்குத் தெரியும்?"

"தண்ணி எடுத்துக் குடுக்கறதோட சரிங்க. பேசறதெல்லாம் அவங்க பேசிக்குவாங்க" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

தண்ணீரை எடுத்துவந்த அன்று நகரத்தில் கேம்ப் பகுதியில் இருந்த ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தது. மறுநாள் குடிப்பட்வா, மராட்டிக்காரர்களின் வருஷப் பிறப்பு. போனில் கேட்டபோது, ஃபிரிட்ஜில் வைத்துப் பண்டிகை முடிந்ததும் கொண்டுவாருங்கள் என்றார்கள். பாட்டில்களை நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடையில் விற்கிற குடிதண்ணீர் பாட்டில்கள்தான். கழுவி அதில் பிடித்திருந்தோம். அக்கா மராட்டியில் ஊர்ப் பெயரும் கிணற்றின் பெயரும் எழுதி ஒட்டியிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் புருஷன் அந்தத் தொழிற்சாலைக்குத்தான் லாரி ஓட்டுகிறான். அவள் தினமும் திறக்கிற ஃபிரிட்ஜ். ஊர்ப் பெயரைப் பார்த்தால் சாயந்திரத்துக்குள் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாத் தாளையும் கிழித்தெறிந்தேன். 'குவாரிக் கிணறு, குடிக்கக் கூடாது' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். இந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். ரொம்பப் புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு மேல்தட்டில் அடுக்கினேன்.

மறுநாள் பகலில் மகள் பாட்மிண்டன் ஆடிவிட்டு வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். ஃபிரிட்ஜ் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பக்கூட இல்லை.

"அம்மா, இந்தத் தண்ணி கொஞ்சம் கட்வா இருக்கு" என்றாள். கசக்கிறது என்பதற்கு அவளுக்கு இந்தி வார்த்தைதான் வரும்.

கையில் பாட்டில். பாதிக்குமேல் காலி. நான் எழுதிய தாள் அவள் விரல்களுக்கு நடுவில் நனைந்துகொண்டிருந்தது. வீட்டில் தமிழ் பேசுகிறாளே ஒழிய அவளுக்கு ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. பெற்றவளுக்கு இது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? காரில் வந்தவனை நினைத்தேன், வேலைக்காரியை நினைத்தேன், இந்த ஃபிரிட்ஜைத் தினமும் பத்துத் தடவை திறக்கிறவளை மறந்துபோனேன்.

அலறினேன் என்று பிறகு கணவர் சொன்னார். ஆட்டோவில் அவள் கையைப் பிடித்தபடி, "வாந்தி வருதா? வயிறு வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "இல்லம்மா, நீ கத்துறதுதான் பயமா இருக்கு" என்று அவள் அழுதாள். கணவர் ஆட்டோக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார், என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகக் கேட்டார்: "அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது?"

"தெரியாது."

"யாருமே பரிசோதிக்கவில்லையா?"

"அரசாங்கத்தில் பரிசோதித்தார்கள். குடிக்கத் தகுந்தது என்று சொன்னார்கள்."

அந்த அறிக்கையைப் பொய் என்று எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன்! இப்போது அது நிஜமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த அதிகாரிகள் நல்லவர்களாக இருக்கட்டும், நான் சொன்னதெல்லாம் தப்பாகப் போகட்டும், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் அசிங்கப்பட்டாலும் பரவாயில்லை, என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

ரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். நான் வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். அழுகையில் இந்தி வரவில்லை. எப்படியோ புரிந்துகொண்டு, எந்தத் தண்ணீர் என்று கேட்டார்.

"குவாரிக் கிணறு."

"எவ்வளவு குடிச்சா?"

"அரை பாட்டிலுக்கு மேல."

"அரை பாட்டில்தானா? பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் குரலில் அத்தனை பரிவு. "எங்க பிள்ளைங்க தினம் அதைத்தானே குடிக்கறாங்க."

எனக்கு அழுகை நின்றுபோனது. அந்த ஊர்க் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்; முழங்கையெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு, அங்கன்வாடியில் வரிசையாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் கத்தினேன், மனு எழுதினேன். அவர்களில் ஒருவரையும் நான் இப்படி ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியதில்லை.

சாயந்திரம் ரிசல்ட் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். கிளம்பும்போது, "ஒரு தடவை என்பதால் தப்பித்தீர்கள். என்ன இருக்கிறது என்று தெரியாத தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சமைக்கவும் கூடாது" என்றார்.

வெளியே வருவதற்குள் அக்காவே கூப்பிட்டார். "டாக்டர் என்ன சொன்னார்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் கேட்டார், டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். மறுமுனையில் அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு குழந்தை சிரிப்பது கேட்டது.

"நாளைக்குக் காலையில அங்கன்வாடி திறக்கணும்" என்றார் அக்கா. "பிள்ளைங்களுக்குக் கிச்சடி எந்தத் தண்ணியில வைக்கட்டும், சொல்லுங்க."