பகலில் உறங்கும் பக்கத்து வீடு

காலை பதினொன்று பத்து. இழைப்பு மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து வீட்டு ஜன்னலை உள்ளிருந்து அடைத்துக்கொண்டிருந்த ஒரு பஞ்சு மெத்தை. அதை அழுத்திய இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள். மதிலருகே போய் என்னவென்று கேட்டேன். "வெயிலு அடிக்கு அண்ணாச்சி," என்றார் செல்வி. அது வடக்குப் பார்த்த ஜன்னல்.

பத்தொன்பது வருடம் ஜெர்மனியில் இருந்தேன். மனைவிக்கு இன்னும் அங்கே வேலை. நான் வருடத்தில் பாதியைத் தென்காசியில், குற்றாலம் போகும் சாலையிலுள்ள வீட்டில் கழிக்கிறேன். கார் ஷெட்தான் என் தச்சுப் பட்டறை. ஜெர்மனியில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் நிலவறையில் முதன்முதலாக ரம்பத்தை ஓட்டிய மறுநாளே தபால் பெட்டியில் கடிதம் கிடந்தது. மதியம் ஒன்று முதல் மூன்று வரை, இரவு பத்து முதல் காலை ஏழு வரை 'ரூஹெட்சைட்', அமைதி நேரம். கீழே கையெழுத்து. கோபம் வந்தது. ஆனால் யாருக்கு, எப்போது தொந்தரவு என்பது தெரிந்துவிட்டது. அந்த அட்டவணையை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தேன். ஒரு மணிக்கு நிறுத்தி மூன்று மணிக்குத் தொடங்கினேன்; இரவில் மிஷினைத் தொடுவதில்லை. மூன்று வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. செல்வி வீட்டிலிருந்து இரண்டு முறை கத்தரிக்காய் வந்தது.

ஜன்னலில் மெத்தையைப் பார்த்த அன்று மாலை டீக்கடையில் அவருடைய கணவர் முருகேசனைப் பார்த்தேன். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றி, இரவோடு இரவாக மலையேறி, கேரளத்தில் இறக்கிவிட்டுக் காலையில் திரும்பும் டெம்போ ஓட்டுநர். கண்கள் சிவந்திருந்தன. பகலில் தூக்கம் வருகிறதா என்று கேட்டேன்.

"வராம என்ன? ஆரியங்காவு ஏத்தத்துல நல்லா வருது," என்று சிரித்தார்.

"சத்தம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"உங்க வீட்ல நீங்க வேலை செய்யுதீய. அதைப் போயி எப்படிச் சொல்ல?"

பத்திரிகையாளனாகச் செய்தி மேசையில் இருந்த காலத்தில் 'ஓட்டுநர் கண்ணயர்ந்ததால்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். மறுநாள் மிஷினைப் போடவில்லை. கொத்தனார் மாடசாமியை வரச்சொன்னேன்.

"முட்டை அட்டையை வாங்கி ஒட்டிருவோம் அண்ணாச்சி. ஸ்டூடியோவுல அப்படித்தான் ஒட்டுதாவ," என்றார் அவர்.

முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைச் சற்றே குறைக்கலாம். வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. தடுப்பவை எடையும் இடைவெளியும். பழைய சுவரைத் தொடாமல் நாலு விரல் தள்ளி உள்ளே இன்னொரு செங்கல் சுவர் எழுப்பினோம். இடையில் சத்தத்தை உறிஞ்சும் ராக் வூல் பஞ்சு. கூரைக்கு அடியில் இரண்டடுக்கு ஜிப்சம் பலகை, கதவின் விளிம்பெல்லாம் ரப்பர், மிஷினுக்கு அடியிலும் ரப்பர். காற்று வந்துபோக, வளைந்து வளைந்து செல்லும் ஒரு பலகைக் குழாய். கடைசியாக ஜன்னலையும் அடைக்கச் சொன்னபோது மாடசாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது மனுசன் இருக்கவா, நெல்லு அவிக்கவா?"

ஆறு வாரம் ஆனது. முடிந்த அன்று, பகல் பன்னிரண்டு மணிக்கு, மாடசாமியை உள்ளே மிஷினை ஓட்டவைத்துவிட்டு மதிலருகே வந்து நின்றேன். முருகேசன் தூங்கிக்கொண்டிருந்தார். செல்வி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"மிஷினை எப்ப போடப் போறீய? அவுக முழிச்சா வந்து சொல்லுதேன்."

"கால் மணி நேரமா ஓடுது."

கையை நிறுத்திக் காதுகொடுத்தார். "வண்டு மாதிரி ஒண்ணு கேக்கு. எங்கனயோ பம்புசெட்டு ஓடுதுன்னுல்லா நெனச்சேன்."

ஊரில் பட்டறை போட நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று: சுவருக்கு அளவெடுக்கும் முன் பக்கத்து வீட்டார் எப்போது தூங்குகிறார்கள் என்று கேளுங்கள். தாமாகச் சொல்ல மாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டால் என் அறைக்குள் பஸ் ஹாரனும் கோயில் மைக்கும் கேட்பதில்லை. எந்த நாட்டு நிலவறை என்றும் சொல்லிக்கொள்ளலாம். கழுத்து வியர்வையைத் துடைக்கும்போதுதான் தென்காசி என்று தெரிகிறது.

மிஷினை ஓட்டிப் பார்த்த அன்று முருகேசன் மாலை நாலரை மணிக்குத்தான் எழுந்தார்.