பாதிக்குக் கீழே

மூடிய பஞ்சாலையில் வேலை பார்த்தவர்களின் மூச்சுத் தொல்லை பற்றி முதலியார்பேட்டையில் ஒரு சிறிய மருத்துவமனை கணக்கெடுத்தது. கல்லூரியில் கணினி கற்பித்துக்கொண்டே ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்திருந்த எனக்குத் தரவு தேவைப்பட்டது. படிவங்களோடு நானும் வீடு வீடாகப் போனேன். இருமல், சளி, மூச்சு வாங்குதல், நெஞ்சு இறுக்கம், தூக்கம் கெடுதல் என்று ஐந்து கேள்விகள். ‘இல்லை’ என்றால் சுழி, ‘ரொம்ப’ என்றால் ஒன்று, ‘கொஞ்சம்’ என்றால் 0.4. இடையில் வேறு சில அளவுகள். நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்.

ஒரே தொல்லைகள் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளவர்களை ஒரு வட்டத்தில் சேர்த்து, வட்டங்களைக் கோடுகளால் இணைத்தால் அது ஃபஸ்ஸி லாட்டிஸ், என் ஆய்வுப் பொருள். அளவுகள் கூடக்கூட வட்டங்கள் பெருகும். நான்கு தாள்களை ஒட்டி வரைந்த படத்தைப் பார்த்த என் நெறியாளர், “என்ன சார் இது, கொசுவலையா? ஒரு பக்கத்துல அடக்குங்க” என்றார்.

அடக்கினேன். ஒன்றில் பாதிக்குக் குறைந்த அளவுகளையெல்லாம் சுழியாக்கினேன். பத்தொன்பது வட்டங்களில் முடிந்தது. நெறியாளர் பாராட்டினார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. படத்தை சீடியில் எழுதி மருத்துவமனைக்கும் கொடுத்தேன். அதை வைத்தே டாக்டர் நுரையீரல் பரிசோதனைக்குப் பட்டியல் போடுவார் என்று நான் நினைக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் ஆலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். ஒரு மாலை என் மாடிக்கு ஏறி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“தெருவுல மில்காரங்க எல்லாருக்கும் டெஸ்டுக்கு லெட்டர் வந்துடுச்சி சார். எனக்கு மட்டும் வரல.”

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்து கேள்விக்கும் ‘கொஞ்சம்’. பெரிய படத்தில், ஐந்து தொல்லையும் சேர்ந்திருந்த வட்டத்தில் அவர் இருந்தார். சின்ன படத்தில், ஒரு தொல்லையும் இல்லாதவர்களோடு இருந்தார்.

“இவ்ளோ வாங்குதேண்ணே, அன்னிக்கி ஏன் கொஞ்சம்னு சொன்னீங்க?”

“மில்லுல இருமுனா மேஸ்திரி கேட்டைக் காட்டி வெளிய போம்பான் சார். கொஞ்சம்னு சொல்லியே பழகிப்போச்சி.” சிரிக்கப் போய் இருமினார். “ஏன், அன்னிக்கே சத்தமா இருமிக் காட்டியிருந்தா லெட்டர் வந்திருக்குமா?”

வந்திருக்கும். ‘ரொம்ப’ என்று எழுதியிருப்பேன்.

மறுநாள் காலை பெரிய படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பேனாவைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டார்.

“கடனா வாங்குன டெஸ்ட் மிஷினை நாளையோட திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க. இவர் ஒருத்தர்தானே?”

வட்டங்களை எண்ணியிருந்தேன், அவற்றிலிருந்து விழுந்தவர்களை எண்ணவில்லை. கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் நோட்டைப் பிரித்துவைத்து முதல் பெயரிலிருந்து எண்ணத் தொடங்கினேன். மூன்றாம் பக்கம் முடிவதற்குள் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு நினைவில்லை.