ஹாலில்தான் சிக்னல்

எங்கள் வீட்டில் இணையம் கீழே ஹாலில் இருந்தது. நான் மேலே மாடி அறையில் இருந்தேன். இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்த அறையில் சிக்னல் கிடைத்தால் எனக்கு வேலை உண்டு. வேலை இருந்தால் அந்த ஆள் வீட்டுக்கு நான் திரும்பிப் போகவேண்டியதில்லை. என் பிழைப்பு மொத்தமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆள் என்று நான் சொல்வது என் கணவரை. சென்னையில் நல்ல உத்தியோகம், ஞாயிறு தவறாமல் கோயிலில் ஆராதனை, வெளியே யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். எல்லாம் வாசற்படி வரைக்கும்தான். கடைசியாக அவர் அறைந்ததில் என் இடது காது கேட்காமல் போனது. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி விடிகாலையில் சங்கரன்கோவிலில் வந்து இறங்கினேன். கதவைத் திறந்த அப்பா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார்த்தார்.

அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர், சபைக் கமிட்டியில் இருப்பவர். மாப்பிள்ளை கம்பெனி வேலையாக வெளிநாடு போயிருக்கிறார், பிள்ளை நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று அவர் ஒரு கதையைக் கட்டினார். அந்தக் கதையை ஒரு ஈ, காக்கைகூட நம்பவில்லை. காய்கறி வண்டிக்காரருக்குத் தெரியும், சர்ச்சில் மணியடிக்கிற கோயில்குட்டிக்குத் தெரியும், எதிர்வீட்டு நாய்க்கும் தெரிந்திருக்கும். ஆனாலும், நாலு நாள் மாதக்கணக்காக நீண்டுவிட்டதால், வீட்டுக்கு யாராவது வந்தால் நான் அவர்கள் கண்ணில் படக்கூடாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அம்மா கையை மேலே காட்டுவாள். நான் படியேறிவிடவேண்டும்.

மாடியில் உட்கார்ந்தே ஒரு வேலையைத் தேடிக்கொண்டேன். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வருகிற போன்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை. ஹெட்செட்டை வலது காதில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நின்று அழுகிறவர்களுக்கு, எந்தத் தாளை அனுப்பவேண்டும், ஏன் பணம் வரவில்லை என்று சொல்லவேண்டும். வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் சொல்வதை யாரோ ஒருவர் கடைசிவரை கேட்டார்கள் அல்லவா, அதனால் பிடித்திருந்தது. கொஞ்சம் சேர்ந்ததும் திருநெல்வேலியில் ஒரு பெண்கள் விடுதியில் போய் இருந்துகொள்வது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். ‘அம்மா, நீங்க கவலைப்படாதீங்க’ என்று நான் இங்கே சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் ‘ஹலோ, ஹலோ’ என்று ஒரு ஜீவன் கத்திக்கொண்டிருக்கும். மொபைல் நெட்டில் வேலை பார்க்கலாம் என்றால் அந்த மென்பொருள் அதில் திறக்காது.

கேபிள்காரர் வந்தார். அவரும் அப்பாவிடம் படித்தவர்தான். மேலே வந்து போனை வைத்து அங்குமிங்கும் நடந்து பார்த்துவிட்டு, தளத்தைக் காலால் தட்டினார்.

“சார், இது தளமா, கோட்டையா? இம்புட்டுக் கம்பியப் போட்டிருக்கிய. சிக்னல் எப்படி மேல ஏறும்?”

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “நானே கூட நின்னு போட்டதுல்லா! இன்னும் ரெண்டு மாடி ஏத்தினாலும் அசையாது” என்றார்.

“அதாம் சார் சொல்லுதேன். ஹால்ல இருந்து படிக்கட்டு வழியா ஒரு வயர் இழுத்து, அக்கா ரூம்ல இன்னொரு பெட்டிய வச்சிட்டா சோலி முடிஞ்சிது.”

அப்பாவின் முகம் மாறிவிட்டது. பார்க்கலாம் என்று சொல்லி அவரை அனுப்பினார். அவர் வண்டியைக் கிளப்பும் சத்தம் தேய்ந்த பிறகு என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: “ஹால் சுவத்துல வயர் ஏறிப் போனா, வாரவன் போறவன் எல்லாம் மேல யாரு இருக்கான்னு கேக்க மாட்டானா?”

“யாரு இருக்கா? நான்தான் இருக்கேன். பொணமா இருக்கு மேல?” என்றேன்.

“ஏட்டி, மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்” என்றாள் அம்மா.

சரி, ரவுட்டரையே மாடிக்குக் கொண்டுபோய்விடலாம் என்றால் கீழே அப்பாவுக்கு டிவி ஓடாது. ஒன்றும் வேண்டாம், டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடி ஷோகேஸுக்குள் பூட்டிக் கிடந்த அந்தப் பெட்டியை எடுத்து ஷோகேஸின் தலையில் வைத்தேன். மேலே கொஞ்சம் உயிர் வந்தது. மறுநாள் பார்த்தால் பழையபடி உள்ளே, என் கல்யாண போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது. தூசி படிகிறதாம். அந்த போட்டோவையும் எடுக்கவிடமாட்டார்கள். வருகிறவர்கள் பார்க்கவேண்டுமே!

பிறகு நான் ஆன்லைனில் ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். பிளக்கில் செருகிவிட்டால் கீழே இருக்கிற சிக்னலை வாங்கி மேலே தள்ளும். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. அங்கே செருகியதும் அறைக்குள் தடையில்லாமல் இணையம் வந்தது. அன்று ஒரு போன்கூட அறுந்துபோகவில்லை. சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த இடம் ஹாலில் உட்கார்ந்தால் நேராகக் கண்ணில் படும். பெட்டியில் ஒரு நீல விளக்கு வேறு. ஆள் வந்தால் அப்பா எழுந்துபோய் அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். போனபிறகு, சில நாள் திரும்பச் செருகுவார். சில நாள் மறந்துவிடுவார்.

புதன்கிழமைகளில் எங்கள் வீட்டில் பெண்களின் ஜெபக்கூட்டம் நடக்கும். சபையில் பெண்களை நடத்துகிற ஒரு பெரியம்மா, எங்களுக்குத் தூரத்து உறவு, அவர்தான் ஜெபிப்பார். கணீரென்ற குரல். சிக்னல் ஏறமுடியாத அந்தத் தளத்தில் அவர் ஜெபம் மட்டும் நன்றாக ஏறிவரும். நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, வேலை தேடுகிறவர்களுக்காக என்று வரிசையாக ஜெபித்துவிட்டு, “இந்த வீட்டுப் பிள்ளையையும் மாப்பிள்ளையையும் சமாதானமா வாழ வச்சிருக்கீரே, ஆண்டவரே, அதுக்காக ஸ்தோத்திரம்” என்பார். கீழே எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அதில் அம்மாவின் குரலைத் தனியாகப் பிரித்துச் சொல்ல என்னால் முடியும். மேலே நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படி ஒரு புதன்கிழமை காலையில் கம்பெனியின் டீம் லீடர் கூப்பிட்டாள். என்னைவிடச் சின்னப் பெண், கோபக்காரியும் அல்ல. “இன்னிக்கு ஒரு கால் கட் ஆனாலும் உங்க ஐடிய மூடிடுவாங்க மேடம். என் கையில இல்ல” என்றாள். ஏற்கெனவே எச்சரித்தாகிவிட்டது என்றாள். நான் கீழே போய் அப்பாவிடம் நின்றேன். “இன்னிக்கு மட்டும் அந்தப் பெட்டியப் பிடுங்காதீங்க. இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற நாதியில்ல” என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. அப்பா செய்தித்தாளை மடித்தார். “வேலை போனா என்ன? உனக்குன்னு ஒரு வீடு இருக்குல்லா” என்றார். அவர் சொன்னது சென்னை வீட்டை.

மத்தியானம் செருப்புச் சத்தங்கள் கேட்டன. சிறிது நேரத்தில் என் திரையில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. அப்போது நான் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம். கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பணம் கட்டாமல் ஆபரேஷன் இல்லை என்கிறார்கள், கம்பெனியோ ஒரு தாள் குறைகிறது என்று நிறுத்தி வைத்திருக்கிறது. “ஹலோ, கேக்குதுங்களா? ஏனுங்க, கேக்குதுங்களா?” என்று அவள் குரல் உடைந்து உடைந்து வந்தது.

நான் யோசிக்கவில்லை. லேப்டாப்பை அப்படியே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினேன். பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. ஷோகேஸ் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குரல் தெளிந்துவிட்டது.

“கேக்குதும்மா, நல்லாக் கேக்குது. சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சீட்டு இல்ல, டாக்டர் எழுதிக் கொடுத்த முதல் சீட்டு, அது உங்க கையில இருக்கா?”

“இருக்குதுங்க, இதா இருக்குதுங்க.”

இத்தனை மாதங்களில் அந்த வீட்டில் வெளி ஆட்கள் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அன்றுதான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அதை எப்படிப் படம் எடுத்து அனுப்புவது என்று அந்தப் பெண்ணுக்கு நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ‘சரிங்க, சரிங்க’ என்றாள்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். என்னைத் தாண்டி வந்தார். ஷோகேஸுக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சைத் தட்டி அணைத்தார். பெட்டியின் விளக்குகள் அவிந்தன. ஒரு ‘சரிங்க’ பாதியில் நின்றுபோனது.

அப்பா பாயில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

“கரண்டு போயிட்டு” என்றார்.

தலைக்குமேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா மெதுவாக விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நிஜமாகவே நம்பினேன்.

“ஆமா சார், நம்ம ஊர்ல இது பெரிய தொந்தரவால்லா இருக்கு” என்றார். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். “சரி, நேரமாவுது. எல்லாரும் கண்ண மூடிக்கோங்க, ஜெபிப்போம்.”

எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். அம்மா மட்டும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு அவளும் மூடிக்கொண்டாள்.