எலி நல்லியும் குடியாத்தம் லுங்கியும்

என்ன வேலை செய்கிறோம் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி வாய் வலித்துப்போனவர்களே, வாருங்கள், நீங்கள் நம்ம கட்சி. எண்பதுகளில் வேலூரில் ஒரு டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் செல் வளர்த்தேன். எலியின் தொடை எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, கிருமிகளை விழுங்கும் செல்களைக் கண்ணாடிக் குப்பியில் பெருக்கவேண்டும்.

பெண் பார்க்க வந்தார்கள்

ஆம்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. "எலி எலும்புலேர்ந்து நல்லி எடுத்து வளக்கறேன்" என்று நானும் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தேன். பிரியாணி ஊர்க்காரர்கள் இல்லையா, நல்லி என்றதும் முகம் மலரவேண்டியது, எலியால் கெட்டது. மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "வீட்டுப் பாத்திரம் எதையும் எடுத்துக்கினு போறதில்லையே?"

பாய் கடை

செல்லுக்குத் தீனி, கன்று ரத்தத்தில் பிரியும் தெளிநீர். வெளிநாட்டுச் சரக்கு தாமதமானால் ஜாடியோடு மேல்விஷாரத்துக்கு ஓடுவேன். கறிக்கடை பாய் ஜாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். "கறி கேட்டு வர்றாங்க, தோல் கேட்டு வர்றாங்க. ரத்தத்துக்கு அலையறது நீ ஒர்த்திதாம்மா!"

கத்திரி வெயில்

எத்தனையோ குப்பிகள் செத்து, ஒரே ஒரு குப்பியில் மட்டும் செல்கள் தாமாகவே பெருகத் தொடங்கியிருந்தன. அதுவும் போனால் எங்கள் டாக்டரம்மாவின் ஆராய்ச்சியையே மூட்டை கட்டவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்த் தொலைந்தது. செல்லுக்கு உடம்புச் சூடு போதும். வேலூர் வெயிலுக்கு அது போதுமா? அறையே கொதித்தது. ஐஸில் வைத்தால் குளிரில் சாகும்.

எங்கள் அட்டெண்டர் பேர் சம்பந்தம், குடியாத்தத்துக்காரர். வீட்டுத் தறியில் நெய்த லுங்கிகளை ஸ்டாஃபிடம் விற்க, அன்று ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தார். டாக்டரம்மா சட்டென்று அதைப் பிரித்து, எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் முக்கி, குப்பியைத் தகரப்பெட்டியில் வைத்து, ஈர லுங்கிகளால் சுற்றினார். "ஐயோ மேடம், சாயம் போய்டும்!" என்று கத்தியவர்தான், கரண்ட் வரும்வரை அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். நான் ஜெபம் பண்ணினேன்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். என் கண்ணுங்களா, உயிரோடு இருந்தன! அழுதுவிட்டேன். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்பந்தமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப்பார்த்தார். "என் லுங்கியில பொழைச்ச புள்ளைங்கோ. பேர் வெக்கும்போது என்னையும் கேளுங்க மேடம்."

வெளியுலகத்துக்கு அந்தச் செல்களின் பேர் ஏதோ எழுத்தும் எண்ணும்தான், ஆனால் குப்பியில் டாக்டரம்மா தன் கையாலேயே 'சம்பந்தம்' என்று எழுதி ஒட்டினார். ஆம்பூர்ச் சம்பந்தம் கைவிட்டாலும், எனக்கு அமைந்த சம்பந்தம் அதுதான்.