மாப்பிள்ளையின் மோட்டார்

படகு மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் எங்கள் படகுத்துறையில் எல்லோரும் தேடுவது பம்ப் அக்காவைத்தான். அவள் பட்டறைக்கு எதிரே உதிரிபாகக் கடை வைத்திருப்பவன் நான். மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைச் சீல் என்போம்; என்னிடம் அவள் வாங்கிய சீல்களைவிடத் திருப்பிக் கொடுத்தவைதான் அதிகம். "இது ஒரு முடி அளவு பெருசு" என்பாள். எரிச்சலாக வரும். அளந்து பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும், அதனால் இன்னும் எரிச்சலாக வரும்.

கைப்பம்பால் கியர் பெட்டிக்குள் காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீர் பூசி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பாள். மற்ற மெக்கானிக்குகள் அத்தோடு சரி. அக்கா புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டையும் கையால் சுற்றிக்கொண்டே பார்ப்பாள். நிற்கும்போது அடங்கியிருக்கும் ஓட்டை சுற்றும்போதுதான் வாயைத் திறக்குமாம்.

ஒரு சமயம் அவளுடைய மகள் தன் புருஷன் வீட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கியிருந்தாள். பெரிய சண்டை எதுவும் இல்லை. மாப்பிள்ளை பேசமாட்டார், அவ்வளவுதான். குழம்பு ருசித்தாலும் 'ம்', தீய்ந்தாலும் 'ம்'. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. "வான்னு ஒரு வார்த்தை அவர் வாயால வரட்டும், போறேன்" என்றுவிட்டாள் மகள். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அவள் ஸ்பேனரைக் கீழே போடும் சத்தம் என் கடைவரை கேட்டது.

மாப்பிள்ளை கடலில் ஆட்களை ஏற்றிப் போகும் படகுக்காரர். ஒரு நாள் மோட்டாரோடு வந்தார். தூண்டில் நரம்பு ஒன்று புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு சீல் வளையத்தை அறுத்திருந்தது. அக்கா மாற்றிக் கொடுத்தாள். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தார், போனார்.

அடுத்த வாரமே மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு மறுபடி வந்து நின்றார். "திரும்பவும் தண்ணி, அத்தை."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. யாரிடம் பெயர் கெட்டாலும் மாப்பிள்ளையிடம் கெடலாமா? என் சீல்தான் காலைவாரிவிட்டதோ என்று பார்க்க நானும் போய் நின்றேன்.

அடித் திருகைக் கழற்றினாள். முதலில் தண்ணீர் வடிந்தது, பிறகு பால் கலந்தது மாதிரி வெளுத்த ஆயில். கழுவி, காற்றை ஏற்றி, சோப்பு பூசி, ஷாஃப்டைச் சுற்றினாள். குமிழியே இல்லை. காற்றழுத்தம் காட்டும் பம்பின் முள் இம்மியும் இறங்கவில்லை. பிறகு வடிந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"என்னக்கா, உப்பு ஒறைப்பெல்லாம் சரியா இருக்கா?" என்றேன்.

"உப்புதான் இல்ல." மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "கடல்ல ஓடுற மோட்டாருக்குள்ள குழாய்த் தண்ணி எப்படிப் போச்சு, மாப்பிள்ளை?"

அவர் தரையைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவருக்கு முகத்தை மறைக்க இடமில்லை. டீ டம்ளரோடு வாசலில் நின்ற மகளுக்குக் கோபத்தில் குரல் நடுங்கியது.

"நீங்களே ஊத்தினீங்களா? கியர் போயிருந்தா பொழப்புக்கு என்ன பண்ணியிருப்பீங்க? இங்க வர்றதுக்கு வேற சாக்கே கெடைக்கலயா?"

"கெடைக்கல" என்றார்.

அக்கா புது ஆயில் ஏற்றித் திருகை முடுக்கினாள். வேண்டுமென்றே மெதுவாகத்தான் முடுக்கினாள்.

"வீட்டுக்கு வா" என்றார் மாப்பிள்ளை. குரல் வெளியே வந்ததே பெரிது.

"யாரைக் கூப்பிடுறீங்க? மோட்டாரையா?"

அவர் தலையை நிமிர்த்தினார். "உன்னத்தான். நீ இல்லாம அங்க இருக்க முடியல."

மகள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மோட்டாரின் ஒரு முனையைப் பிடித்தாள். "நிக்காதீங்க. அந்தப் பக்கம் தூக்குங்க."

இருவருமாகச் சுமந்துகொண்டு தெருமுனை திரும்பும்வரை அக்கா பம்பைக் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"சீல் நல்ல சீல்தான்டா" என்றாள். இத்தனை வருஷத்தில் என் கடைச் சாமானைப் பற்றி அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.